பதினோரு பெண்டாட்டிக்காரர்

பிஜித் தீவில் நாந்தி விமான நிலையத்தில் சோதனை போடுகிறவர் என் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது என்ன?" என்று இங்கிலீஷில் கேட்டார். ஆள் கதவு உயரம். மேலே சட்டை, கீழே பாவாடை மாதிரி ஒன்று. ஆபீஸ் உத்தியோகத்துக்கு இந்த ஊர் ஆம்பிளைகள் அதைத்தான் உடுத்துகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது பார்க்கவே கூச்சமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

பொட்டலத்தில் இருந்தது காப்பியில் போடுகிற வெள்ளைச் சாமான். அதன் பேரை நான் வாயால் சொல்வதில்லை. என் வீட்டுக்காரர் பேரும் அதுதான். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேரைச் சொல்லாமலே அதை வாங்கி, டப்பாவில் கொட்டி, எறும்பு வராமல் காப்பாற்றியிருக்கிறேன். "அந்த வெள்ளை அரைக் கிலோ" என்றால் எங்கள் தெரு மளிகைக் கடையில் புரிந்துகொள்வார்கள். கடைசிக் காலத்தில் அவருக்கு அந்த வியாதியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில், "உங்க வீட்டுக்காரருக்கு என்னம்மா உடம்புக்கு?" என்று கேட்டார்கள். "அவரு பேருதான் அவருக்கு" என்றேன். டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அரை நாழி சிரித்தார். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. பழக்கம் மட்டும் போகவில்லை.

இங்கிலீஷில் சொன்னாலும் அவர் பேர்தானே? அதனால் எனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தையைச் சேர்த்து, "ஒயிட் பவுடர்" என்றேன்.

போன வருஷம்தான் சுவா பட்டணத்தில் துப்பாக்கியோடு பார்லிமெண்டுக்குள் புகுந்து பிரதமரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அந்தக் கலவரத்தின் சூடு இன்னும் ஆறவில்லை. என் பவுடரைச் சுற்றி நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் கையில் துப்பாக்கி. ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு அம்மாள் வந்து, பொட்டலத்தைப் பிரித்து, மோந்து பார்த்து, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். அப்புறம் அந்தக் கட்டடமே அதிரும்படி சிரித்தார். "இதைப் போய் எங்க ஊருக்குக் கொண்டுவந்தியா?" என்று கேட்டதாகப் பிறகு எனக்குச் சொன்னார்கள். கரும்பு விளைகிற தீவுக்கு அந்தச் சாமானைக் கட்டிக்கொண்டு போன முதல் ஆள் நான்தானாம்.

வெளியே லீலா ஒரு மணி நேரமாக நின்றிருந்தாள். அதுவரை போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். கட்டிப் பிடித்து, "அக்கா, நான் தோடா தோடா தமிழ் பேசறது. தப்பு வந்தா சிரிக்காதே" என்றாள். பேசினால் எங்கள் ஆரணிப் பக்கத்துப் பேச்சு. அதுவும் என் பாட்டன் காலத்துப் பேச்சு. நடுநடுவே இந்தி; தோடா என்றால் கொஞ்சமாம். அப்பாவை "நைனா" என்றாள். எங்கள் ஊரில் இப்போது பிள்ளைகள் டாடி என்கிறார்கள். ஏழு கடல் தாண்டி நைனா உயிரோடு இருக்கிறார்.

லீலா என் பெரியப்பா மகள். பெரியப்பா முனுசாமி வாலிபத்தில் கரும்பு வெட்டக் கப்பல் ஏறிப் போனவர், திரும்பவில்லை. வருஷத்துக்கு ஒரு கடுதாசி மட்டும் என் அப்பாவுக்கு வரும். அந்தக் கடுதாசிக் கட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லித்தான் லீலா என்னைக் கூப்பிட்டாள். நான் சிட்னியில் மகன் வீட்டில் இருந்தேன். நாலு மணி நேரப் பறப்புதான், போய்விட்டு வா என்று மகனும் ஏற்றிவிட்டான்.

லீலாவின் ஊரான லோவுக்குப் பஸ்ஸில் போனோம். ஜன்னலுக்குக் கண்ணாடியே இல்லை. மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிவிட்டு, நின்றால் சுருட்டுகிறார்கள். மழை அரை மைலுக்கு ஒருமுறை வந்தது. இறக்குவதும் சுருட்டுவதுமாக எல்லோருக்கும் வேலை. பக்கத்திலிருந்த பிஜிக்கார அம்மாள் என் மடியில் ஒரு பெரிய கிழங்குக் கட்டை வைத்துவிட்டுத் தார்ப்பாயை இழுத்தாள். இறங்கும்வரை அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. கேட்கக் கூச்சப்பட்டு நானும் சுமந்துகொண்டே இருந்தேன்.

லோவு முழுக்கக் கரும்பு. நடுவே தகர வீடுகள். பாதி வீடு பூட்டு. "இவங்க ஆக்லாந்து. இவங்க வான்கூவர். இவங்க போகச்சே கூரைத் தகரத்தைக்கூட வித்துட்டாங்க" என்று லீலா காட்டிக்கொண்டே வந்தாள். லீலாவின் பிள்ளைகள் மூன்று பேரும் நியூசிலாந்தில் அந்த ஆக்லாந்து; அவளையும் அங்கேயே வரச் சொல்கிறார்கள். புருஷன் இல்லை. நிலத்தின் குத்தகை முடிந்து, கரும்புக்காட்டையும் விட்டாயிற்று. ஐந்து அறை வீட்டில் அவளும் ஒரு பூனையும்.

பருப்பு, சோறு, டின் மீன் குழம்பு, டாலோ என்கிற கிழங்கு, அதன் இலையைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்த கறி. டாலோ நம் சேப்பங்கிழங்குக்குப் பெரியண்ணன். அரிக்கவில்லை, ஆனால் ஒரு துண்டிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. டம்ளரில் ரசம் கொடுத்து, "சூப் குடி அக்கா" என்றாள். டீ போடும்போது, "சீனி எத்தனை?" என்று கேட்டாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! எங்கள் பக்கம் சீனி என்று யாரும் சொல்வதில்லை. சொல்லக்கூடிய பேர் ஒன்று கிடைத்துவிட்டது. "சீனி ரெண்டு. சீனி இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். டீ பாயசமாகிவிட்டது.

சாயங்காலம் லீலா ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு காகிதம் எடுத்தாள். ஒன்று அவள் கல்யாணப் பத்திரம். அதில் தகப்பன் பேர் முன்சாமி என்று படித்தாள்; முனுசாமியை அங்கே அப்படித்தான் எழுதுகிறார்கள். மற்றது பிறப்புப் பத்திரம். அதில் தகப்பன் பேருக்கு நேரே வேறு ஏதோ இருந்தது. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன், இங்கிலீஷ் எழுத்து ஓடாது.

"ஆவாரூ," என்றாள் லீலா, குரலைத் தாழ்த்தி. "நியூசிலாந்துக்காரன் கேக்கறான், உனக்கு யாரு அப்பன், முன்சாமியா ஆவாரூவான்னு. ரெண்டு அப்பன் இருக்கிற பொம்பளைக்கு விசா இல்லே."

"யாருடி அந்த ஆவாரூ?"

அவள் பூனையைப் பார்த்தாள். "இந்தியிலே ஆவாரான்னா ஊர்சுத்தி, காலிப்பய. அந்த மாதிரி ஒருத்தன் இருந்தானாம். காதர் மாஸ்டர் கண்டுபிடிச்சு வெச்சிருக்கார். நாளைக்குக் காட்டறேன். பிள்ளைங்ககிட்ட நான் சொல்லலே அக்கா. காகஜ் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லியிருக்கேன். எங்கம்மாவைப் பத்தி நான் எப்படிச் சொல்றது?"

எனக்குத் தெரிந்து பெரியப்பா கடுதாசியில் அந்த அம்மாளைப் பற்றி ஒரு குறையும் எழுதியதில்லை. அதைச் சொன்னேன். "அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் லீலா.

மறுநாள் நடபுவாவில் காதர் மாஸ்டர் வீடு. ஓய்வு பெற்ற வாத்தியார். பாட்டன் காலத்தில் மலபாரிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். தமிழ் தெரியாது, இந்திதான். லவுடோகாவில் பழைய பதிவேடுகள் இருக்கிற ஆபீசுக்குத் தினமும் போய், ஊரில் யார் யாருக்குப் பிள்ளை என்று நோட்டில் எழுதுவதே வேலை. பேத்தி சிட்னிக்கும் பேரன் கனடாவுக்கும் போய்விட்டதால், உயிரோடு இருக்கிற சொந்தத்தைவிடச் செத்தவர்கள்தான் பக்கத்தில் இருக்கிறார்கள் என்றார். லீலா மொழிபெயர்த்தாள்.

எங்களுக்கு ஒரு சட்டியில் கலங்கல் தண்ணி வந்தது. சுக்குத் தண்ணி என்று நினைத்து ஒரு கொட்டாங்கச்சியை ஒரே மூச்சில் குடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். மரியாதை போலிருக்கிறது என்று இன்னொரு கொட்டாங்கச்சி குடித்தேன். அது ஒரு வேரை இடித்துக் கரைக்கிற தண்ணியாம். கிராக் என்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் நாக்கு என் நாக்காக இல்லை, பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி. அன்று நான் பேசாமலிருந்ததை எல்லோரும் அடக்கம் என்று மெச்சினார்கள்.

மாஸ்டர் முதலில் கப்பல் சீட்டு நகல்களைக் காட்டினார். பேர், ஊர், உயரம், உடம்பில் அடையாளம். "மதராசிலிருந்து வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இடது கைச் சுண்டுவிரலில் வெட்டுத் தழும்பு! ஏதோ சாதிச் சடங்கு. என்ன சடங்கு என்று உங்கள் அக்காவைக் கேளுங்கள்" என்றார். எனக்குப் பேச நாக்கு வரவில்லை. என் இடது கையை நீட்டினேன். சுண்டுவிரலில் அதே வெட்டு. வலது கையால் கதிர் அரிவாளை இழுத்துக் காட்டினேன். நெல் அறுத்தவர் யாராக இருந்தாலும் இடது சுண்டுவிரலை ஒருமுறை அறுத்துக்கொண்டிருப்பார்கள். மாஸ்டர் என் விரலைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், நோட்டில் இரண்டு பக்கத்தை அடித்தார். முகம் வாடிவிட்டது.

பிறகு ஒரு சுருள் காகிதத்தைப் பிரித்துப் பாயில் விரித்தார். நடுவில் ஒரு பெட்டி. அதிலிருந்து பதினோரு கோடு.

"இவன்தான் ஆவாரூ," என்றார். "லவுடோகா, பா, நாந்தி மூன்று தாலுக்காவிலும் பிள்ளை. பதினோரு பெண்டாட்டி. ஒரே மாதத்தில் இருபது மைல் தூரத்தில் இரண்டு பிள்ளை! குதிரை வைத்திருக்க வேண்டும். வந்த கப்பல் தெரியவில்லை, செத்த தேதி இல்லை, கல்லறை இல்லை. கெட்டிக்காரன்! அதிலும் மதராசிப் பெண்களாகவே தேடியிருக்கிறான். குப்பம்மா, அங்கம்மா, முனியம்மா... ஒரு வடக்கத்திப் பெண்கூட இல்லை."

திட்டுகிறாரா புகழ்கிறாரா என்று தெரியவில்லை. பதினோராவது கோட்டின் முனையில் லீலாவின் அம்மா பேர், அங்கம்மா. லீலா பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "எங்கம்மா அப்படி இல்லே மாஸ்டர்" என்று தமிழில் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை.

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆவாரூ, ஆவாரூ என்று அவர்கள் நீட்டி நீட்டிச் சொன்னதில் நம் ஊர்ப் பேராக ஒன்றுமே காதில் விழவில்லை. ஆவாரம்பூவா என்று ஒருமுறை யோசித்தேன். அதோடு விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் அந்த லவுடோகா ஆபீசுக்குக் கிளம்பினோம். தகப்பன் வழிச் சொந்தம் ஒருவர் நேரில் வந்து வாக்குமூலம் கொடுத்தால் பிறப்புப் பதிவைத் திருத்தலாம் என்று சொல்லியிருந்தார்கள். அங்கே விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒன்று மண்ணுக்குள், இல்லாவிட்டால் நியூசிலாந்தில். மிச்சம் நான்தான். நான் ரேஷன் கடை கவுண்டரிலேயே பேசத் திணறுகிறவள்.

வழியில் கரும்பு ரயில் ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. பஸ் டிரைவர் சாவகாசமாக இறங்கிப் போய், வண்டியிலிருந்து இரண்டு கரும்பை உருவி, முழங்காலில் ஒடித்து எல்லோருக்கும் கொடுத்தார். யாரும் கோபப்படவில்லை. நம் ஊராயிருந்தால் அதற்குள் கண்டக்டரின் குலத்தையே இழுத்திருப்போம். கரும்பு கடித்த வாயோடு, கையெல்லாம் பிசுபிசுவென்று அரசாங்க ஆபீசில் நுழைந்தேன்.

கவுண்டரில் மேரே என்கிற பிஜிக்காரப் பெண். காதில் செம்பருத்தி. நம் ஆட்கள் மாதிரியே இந்தி பேசினாள். என்னை "நானி" என்று பாட்டி முறையில் கூப்பிட்டு நாற்காலி போட்டாள். பின்னால் பெஞ்சில் காதர் மாஸ்டர் பதிவேட்டுக்குள் தலையை விட்டிருந்தார்.

முதலில் கடுதாசியைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். "தம்பிக்கு முனுசாமி எழுதுவது. இங்கே மழை. எனக்குப் பெண் பிறந்திருக்கிறது. லீலாவதி என்று பேர் வைத்தோம். கரும்பு வெட்டு நடப்பதால் எனக்கு லீவு இல்லை. வீட்டில் போய்ப் பிள்ளை பேரை ஆபீசில் எழுதி வந்தது."

லீலா இந்தியில் சொன்னாள். மேரே பேனாவை வைத்துவிட்டாள். "வீடு போய் எழுதிவிட்டு வந்ததா? எந்த வீடு?"

வீட்டில் என்றால் வீட்டுக்காரி என்று விளக்குவதற்குள் லீலாவுக்கு வேர்த்துவிட்டது. "பெண்டாட்டிக்குப் பேர் இல்லையா?" என்றாள் மேரே. இருக்கிறது, எழுதமாட்டார்கள் என்றோம். "சரி, வீடு வந்தது" என்று எழுதிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டதை லீலா தமிழில் சொன்னாள்.

"உங்கள் பேர்?"

"கன்னியம்மா."

"தகப்பன் பேர்?"

"ஏழுமலை."

"புருஷன் பேர்?"

பிசுபிசு கையை முந்தானையில் துடைத்தேன். லீலா பக்கம் சாய்ந்து, "அவரு..." என்று ஆரம்பித்தேன். அவரு பேரை நான் எப்படிடி சொல்றது என்று கேட்க வந்தேன். அவரு என்பதற்குமேல் குரல் எழும்பவில்லை.

மேரே தலையை ஆட்டினாள். எழுதினாள். எழுதியதைச் சத்தமாகப் படித்தாள். "கன்னியம்மா. புருஷன், ஆவாரூ."

பெஞ்சு தடால் என்று விழுந்தது. காதர் மாஸ்டர் எழுந்து நின்றிருந்தார். மூக்குக் கண்ணாடி ஒரு காதில் தொங்கியது.

"இந்தியாவிலுமா!" என்று கத்தினார். "அங்கேயும் போயிருக்கிறானா!"

ஆபீசே திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் சுருளை எடுத்து, பன்னிரண்டாவது கோடு போட இடம் தேடினார். நான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். மேரேயின் காகிதத்தைப் பார்த்தேன். இரண்டிலும் அதே ஐந்து எழுத்து, அதே வரிசை. இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, படம் பார்க்கத் தெரியாதா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு பேர் முன்னால் நான் வாய்விட்டுச் சிரித்ததே இல்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் நிற்கவில்லை. லீலா பயந்துபோனாள். "அக்கா, கிராக் இன்னும் இறங்கலியா?"

"அடி பைத்தியக்காரி," என்றேன். "ஆவாரூவும் இல்லை, ஆவாராவும் இல்லை. அவரு! உங்கம்மாவை இதே மாதிரி ஒருத்தன் புருஷன் பேர் கேட்டிருக்கான். உங்கம்மா என்னை மாதிரியே, அவருன்னு ஆரம்பிச்சு நின்னுட்டாங்க. அவன் எழுதிட்டான். உங்கம்மா உங்க நைனா பேரைச் சொல்லலைடி. அவ்வளவுதான் அவங்க செஞ்ச தப்பு."

லீலா கவுண்டர் ஓரமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, இந்தியில் மாஸ்டரிடம் சொன்னாள். தேவைக்கு அதிகமாகவே சத்தமாகச் சொன்னாள்.

மாஸ்டர் விடவில்லை. "பதினோரு பேருமா? பதினோரு பேரும் சொல்லவில்லையா?" என்று வாதாடினார். பிறகு அவருக்கே ஏதோ சந்தேகம் வந்து நோட்டைப் புரட்டினார். "அப்படியானால் இவர் யார்? நாலு பிறப்பில் இவர் தகப்பன். எங்கள் ஆள் என்று முஸ்லிம் குடும்பங்களின் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பேர் இங்கில்லா."

லீலாவைச் சொல்லச் சொன்னேன். "தகப்பன் எங்கேன்னு கேட்டிருப்பாங்க. 'இங்கில்லே'ன்னு பெத்தவ சொல்லியிருப்பா."

மாஸ்டர் விழுந்த பெஞ்சை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தார். இரண்டு வருஷ உழைப்பு. "நல்ல மனுஷன் என்று நினைத்தேன்" என்று முனகினார். எந்த ஆளைச் சொன்னார் என்று கேட்க மனசு வரவில்லை. ஒரு போக்கிரியும் போய், ஒரு சொந்தக்காரரும் போய்விட்டார். அவர்களுக்குப் பதிலாக இனிமேல் பெரியப்பா போக மிச்சம் பதினாலு புருஷன்களைத் தனித்தனியாகத் தேட வேண்டும். என்னிடம் இருந்த கரும்புத் துண்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

அதற்குள் மேரே என் பாஸ்போர்ட்டைப் பிரித்து வைத்திருந்தாள். "நானி, இதில் புருஷன் பேர் வேறாக இருக்கிறது. உங்களுக்கே இரண்டு புருஷன் ஆகிவிட்டது. எது சரி?"

அதில் இருப்பதைப் பார்த்து எழுதிக்கொள் என்று ஜாடை காட்டினேன். ஆகாதாம். வாக்குமூலம் என்றால் வாயால் சொல்ல வேண்டுமாம். இன்னாருடைய மனைவி இன்னாள் என்று நானே சொல்லி, மேரே கேட்டு, உள்ளே இருக்கிற பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் லீலாவின் காகிதம் செல்லும்.

லீலா என்னைப் பார்த்தாள். அன்றைக்கு இதே மாதிரி ஒரு கவுண்டரில் கைப்பிள்ளையோடு நின்ற அங்கம்மாளை நினைத்தேன். அவள் சொல்லாததால் வந்தது இத்தனையும். நானும் சொல்லாவிட்டால் லீலா அந்த ஐந்து அறையில் பூனையோடுதான்.

கண்ணை மூடிக்கொண்டேன். அவரிடம் மனசுக்குள் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன்.

"சக்கரை," என்றேன்.

ஒன்றும் ஆகவில்லை. காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது.

"கேட்கவில்லை நானி, இன்னொரு தடவை."

"சக்கரை."

"எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள்."

"ச... க்... சக்கரை!" என்று கத்தியே விட்டேன்.

அதற்கு என்ன அர்த்தம் என்று மேரே லீலாவைக் கேட்டாள். சீனி என்றாள் லீலா. மேரே ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிரே ஆலைப் புகைபோக்கி. ஊரெல்லாம் காய்ச்சுகிற பாகு வாசனை. "இந்த ஊரில் எல்லோருக்கும் அவர்தான் சோறு போடுகிறார்" என்று சொல்லி எழுதிக்கொண்டாள்.

பெரிய அதிகாரி சம்மதித்துவிட்டார். புகைபோக்கியையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சிரித்தாராம். மேரே பெரிய பதிவேட்டைத் தூக்கி வந்து எங்கள் முன்னால் விரித்தாள். பழுப்புத் தாள், மங்கின மை. லீலாவதி. அம்மா அங்கம்மா. அதற்கு நேரே அந்தச் சொல். சிவப்பு மைப் பேனாவையும் அடிமட்டத்தையும் எடுத்தாள்.

லீலா சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். "இருங்க." என்னைப் பார்த்துத் தமிழிலும், பிறகு அவளிடம் இந்தியிலும் சொன்னாள். "அம்மா போட்டோ ஒண்ணுகூட என்கிட்ட இல்லே அக்கா. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. இது எங்கம்மா வாய்ல வந்த வார்த்தை. இதை அடிக்க வேணாம்."

அடிக்காமல் திருத்த முடியாது என்றாள் மேரே. ஆனால் சட்டப்படி ஒரே ஒரு கோடுதான், அடியிலிருக்கும் எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். யார் வந்து கேட்டாலும் காட்டுவோம். அப்படிச் சொல்லிவிட்டு மெல்லிசாகக் கோடு இழுத்தாள். மேலே முன்சாமி என்று எழுதினாள்.

மை காயட்டும் என்று காத்திருந்தோம். லீலா கோட்டுக்கு அடியில் விரலை வைத்து, தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு, மெதுவாகப் படித்தாள்.

"அவரு."

இந்தத் தடவை சரியாகச் சொன்னாள்.